பேத்திகளின் சாஃப்ட்பால்: உட்காரும் இடமும் ஸ்கோர் புத்தகமும்

வணக்கம். பேத்திகள் இருவரும் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக எறியும் சாஃப்ட்பால்) ஆடுகிறார்கள். 10 வயதுக்கு உட்பட்ட அணியில் சின்னவள்: 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, ஹோம் பிளேட்டிலிருந்து (மட்டை பிடிப்பவள் நிற்கும் இடம்) பிட்சருக்கு (பந்தை எறிபவள்) 35 அடி. 12 வயதுக்கு உட்பட்ட அணியில் பெரியவள்: 12 அங்குலம், 40 அடி.

நாற்காலியை எங்கே போடுவீர்கள்? ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலை காக்கும், ஆனால் கம்பிக் கட்டம் கண்ணை மறைக்கும். முதல் பேஸ் (அடித்தவள் முதலில் ஓடித் தொடும் இடம்) பக்கம் பளிச்சென்று தெரியும். வலதுகை ஆட்டக்காரி மட்டையைத் தாமதமாகச் சுழற்றினாலோ ஃபவுல் பந்து (கோட்டுக்கு வெளியே போகும் அடி) அங்கேதான் பாய்ந்து வரும். மடியில் கைக்குழந்தையோடு பார்க்கும் தாத்தா பாட்டிகள் அவசியம் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்கோர் புத்தகம். மூன்றாவது ஸ்டிரைக்கை (மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் ஸ்டிரைக்அவுட்) கேட்சர் (பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவள்) நழுவவிட்டு, முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 'கே 2-3' (கே என்றால் ஸ்டிரைக்அவுட், 2 கேட்சர், 3 முதல் பேஸில் நிற்பவள்). அதில் குழப்பமில்லை. மட்டை பிடித்தவள் பந்து வருமுன் ஓடி பேஸைத் தொட்டுவிட்டால்தான் சிக்கல்: பிட்சருக்கு ஸ்டிரைக்அவுட் சேரும், அவுட் சேராது. மூன்று அவுட்டில் முடியும் ஒரே இன்னிங்ஸில் நான்கு ஸ்டிரைக்அவுட்கூட வரலாம், கூட்டும்போது கணக்கு இடிக்கிறது. இதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

பந்து பிளேட்டுக்கு முன்பே தரையில் குத்தி வந்து கேட்சரைத் தாண்டிப் போனால் வைல்ட் பிட்ச் (பிட்சரின் தவறு). நெஞ்சளவில் வந்து கையுறையில் பட்டு நழுவினால் பாஸ்டு பால் (கேட்சரின் தவறு). கேட்சர் எட்டிப் பிடிக்கப் பார்த்து, விரல்நுனியில் உரசிப் போனதை எதில் எழுதுவது? சின்ன வயது கேட்சர் மேல் வீணாகப் பழி விழக்கூடாது. ஸ்கோர் எழுதிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.