பழைய ஆமி வண்டி ஏலத்துல எடுத்தவங்க, எடுக்கப் போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கல்லடிக் கராச்:
நானே தொடங்கிறன். கராச்சுல ரக்டரும் லேன்ட்மாஸ்டரும் பாக்கிற ஆள் நான், போன வருசம் தங்கச்சியிட்ட இங்கிலாந்துக்கு விசிட்ல போன நேரம் மச்சான் பழைய ஆமி வாகன ஏலம் ஒண்டுக்குக் கூட்டிப்போனார், அவருக்கு இந்த விசர் கனகாலமா இரிக்கி. அவர் கண் வச்சது பெரட் எண்டுற சின்னக் கவச வண்டி. டெய்ம்லர் கம்பனி கொவென்றியில 1952ல இருந்து 1971 வரைக்கும் செஞ்சது, மொத்தம் 4,400 சொச்சம், உள்ளுக்கு ரெண்டு பேர்தான். நம்மட நாட்டு ஆமியும் ஒரு காலம் இதை ஓடினதுதான்.

ஏலத்துக்கு முதல் பாக்கிறதுக்கெண்டு நேரம் தாறாங்க, அதை விட்டிராதீங்க. வந்தவங்க எல்லாரும் மேல ஏறி நிண்டு போட்டோ எடுக்கிறாங்க, தகட்டைத் தட்டிப் பாக்கிறாங்க. தகடு 6ல இருந்து 16 மில்லிமீற்றர் வரைக்கும் தடிப்பம், அதுக்கு ஒண்டும் நடக்காது, காசைத் தின்னுறது கீழ இரிக்கிற சாமான். நான் டோர்ச்சை எடுத்துக்கிட்டு கீழ பூந்திட்டன். எஞ்சின் பின்னுக்கு, ரோல்ஸ் ரொய்ஸ் பி60, ஆறு சிலின்டர் பெற்றோல், 4.26 லீற்றர். அது பயமில்ல, எஞ்சின் எண்டா எஞ்சின்தானே. பயம் கியர் பொக்ஸ். இதுல கிளச் பெடல் எண்டு ஒண்டு இல்ல, எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல எண்ணெய்யில ஓடுற ஃபுளூயிட் ஃபிளைவீல், நீங்க லீவரால கியரை முதல்லயே தெரிவு செஞ்சு வச்சிட்டு மறுகா பெடலை ஒருக்கா மிதிச்சா அந்தக் கியர் விழும். மிதிக்கிறதெண்டா கடைசி வரைக்கும் மிதிக்கணும், அரைவாசியில விட்டா பெடல் துள்ளி மேல எழும்பி நிக்கும், அதைத் திருப்பி அமத்துறதுக்கு ரெண்டு காலும் வேணும். ஏலத்துக்கு நிண்ட வயசான வெள்ளைக்காரர் ஒராள் முழங்காலைக் காட்டிச் சிரிச்சார், அவர்ட பெரட் செஞ்ச வேலையாம். அஞ்சு கியரும் பின்னுக்கும் வேலை செய்யும், எதிரியைக் கண்டா வண்டியைத் திருப்பாம அப்பிடியே பின்னுக்கு ஓடலாம். கெட்டிக்காரத்தனமான சாமான், ஆனா உள்ளுக்கு கியரை இறுக்கிப் பிடிக்கிற பட்டி (பேன்ட்) தேஞ்ச பொக்ஸ் எண்டா வாங்கின காசுக்கு இன்னொரு மடங்கு போகும். அதால ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, ஒள்ளுப்பமாவது முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிக்காட்டச் சொல்லுங்க. மாட்டம் எண்டா விலையை அதுக்கேத்த மாதிரிக் குறைச்சுக் கேளுங்க.

கூவுற விலை கடைசி விலை இல்ல. உதாரணத்துக்கு 15,000 பவுணுக்குச் சுத்தியல் விழுந்தா, ஏலக் கமிஷன் 15 வீதம் எண்டு வைங்க, அது 2,250, அந்தக் கமிஷனுக்கு வட் வரி 20 வீதம் 450, ஆக 17,700. சில வண்டிக்குச் சுத்தியல் விலைக்கும் வட் வரும், கட்டலொக்ல அடையாளம் போட்டிருப்பாங்க. மறுகா வண்டியை ஏத்திக்கொண்டு போற லோ லோடர் கூலி. லைசன்சும் ஒரு விசயம், வண்டி நாலு டொன் வரும், அங்க 3.5 டொன்னுக்கு மேல எண்டா சீ1 எண்டுற லைசன்ஸ் வகுப்பு வேணும், 1997க்கு முதல் கார் லைசன்ஸ் எடுத்தவங்களுக்கு அது சும்மாவே கிடைச்சது. மச்சான் புறகு எடுத்தவர், அதால டெஸ்ட்டுக்குப் போகணும். ஒரு நல்லது, 40 வருசத்துக்கு மேல பழசெண்டா அங்க ரோட் டக்ஸ் இல்ல.

எடுத்திட்டார். வீடியோ கோல்ல அம்மாவுக்குக் காட்டினன். அவ ஒள்ளுப்ப நேரம் பாத்திட்டு, "மனே, உவர் என்ன பவலா வாங்கியிருக்கார்?" எண்டா. இல்லம்மா, பவல் தென்னாபிரிக்கச் சாமான், மெர்சிடிஸ் யுனிமொக் லொறிக்கு மேல கட்டினது, கண்ணிவெடிக்கெண்டு உயரமா வச்சது, இது வேற எண்டு நான் நிண்டு விளக்கம் குடுக்கிறன். "ரெண்டும் பச்சைதானே. அந்தச் சத்தம் கேட்டா உங்களைத் தூக்கிக்கிட்டு ஒழுங்கைக்குள்ள ஓடின நாங்க. வேறெதுக்கும் காசு இல்லையாமா அவருக்கு?" மச்சானும் எங்கட பக்கத்து ஆள்தான், அவர் ஒண்டும் பேசல்ல, ஃபோனைத் தங்கச்சிட கையில குடுத்திட்டுப் போய் ரயரைப் பாத்துக்கிட்டு நிண்டார்.

சம்மாந்துறை நானா:
நல்லாச் சொன்னீங்க தம்பி. நம்மட ஊர்ல கவச வண்டியெல்லாம் சனத்துக்குக் குடுக்க மாட்டாங்க, நமக்கு வாறது ஆமி கழிச்சு விட்ட லேன்ட்ரோவரும் லொறியும்தான். நான் போன ஏலத்துல பழைய இரும்பு எடுக்கிற ஆக்கள் ஒரு கூட்டமா நிப்பாங்க, நீங்க கைய உசத்தினா ஒராள் பக்கத்துல வந்து தோள்ல கையப் போட்டு "நானா, இது உங்களுக்கு வேணாம், விடுங்க"ண்டு செல்லுவான், சிரிச்சுக்கிட்டுத்தான் செல்லுவான். நான் விடல்ல. ஆனா முதல்ல கேக்க வேண்டியது புக், வண்டிட பதிவுப் புத்தகம். புக் இல்லாமக் குடுக்கிற வண்டி பாட்ஸுக்குத்தான், ரோட்டுல ஏத்தேலாது. எண்ட லேன்ட்ரோவருக்கு புக் இருந்திச்சி, அதால வயலுக்குப் போகுது இப்பயும்.

கல்முனைப் பொடியன்:
நான் எடுத்தது ஏலத்துல இல்ல, அக்கரைப்பத்துப் பக்கம் ஒரு வளவுக்குள்ள கோழி முட்டையிட்டுக் கிடந்த ஜீப். வில்லிஸ் எண்டுதான் வித்தார். கழுவிப் பாத்தா போல்ட் தலையில எல்லாம் ஆங்கில எஃப் எழுத்து, அப்ப ஃபோர்ட்! 1941ல இருந்து 45 வரைக்கும் ரெண்டு கம்பனியும் ஒரே ஜீப்பைத்தான் செஞ்சது, போல்ட்டை மாத்தியிருக்கலாம் எண்டு சந்தேகம் வந்தா ரேடியேற்றருக்குக் கீழ இரிக்கிற குறுக்குச் சட்டத்தைப் பாருங்க, குழாய் மாதிரி உருண்டையா இருந்தா வில்லிஸ், தகட்டுச் சட்டமா இருந்தா ஃபோர்ட். கல்லடி அண்ணன், மச்சான்ட பெரட்டுக்கு ரயர் எப்பிடி, ஒண்டு மட்டும் மாத்தேலுமா?

கல்லடிக் கராச்:
ஏலா தம்பி. ஒரு பக்கத்துச் சில்லு ரெண்டும் ஒண்டோட ஒண்டு கியரால பிணைஞ்சது, ஒண்டு புதுசு ஒண்டு தேஞ்சது எண்டா தார் ரோட்டுல முறுகி முறுகி கடைசியில கியருக்குத்தான் அடி. மச்சான் நாலையும் சேத்துத்தான் தேடுறார், சைஸ் 9.00க்கு 16, இன்னும் கிடைக்கல்ல.