கண்டி வீதியில் லொறி ஓட்டிய நம்மூரவர்கள்: கேட்டு எழுதிவைக்க வேண்டியவை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தின் அடுத்த ஆண்டு மலரில் என்ன இடம்பெறலாம் என்று செயற்குழுவினர் கேட்டிருந்தார்கள். கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் வாசிகசாலையையும் பற்றி முந்தைய மலர்களில் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இம்முறை, கண்டி வீதியில் லொறி ஓட்டிய நம்மூரவர்களின் நினைவுகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுபதுகளில் லொறி ஓட்டியவர்களில் மிக இளையவர்களும் இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பாரிஸிலும் பிள்ளைகளுடன் வாழும் அவர்களிடம் அந்தச் சாலையைப் பற்றி யாரும் முறையாகக் கேட்டதில்லை என்பது எனக்கு நெடுநாளாக மனக்குறை.

ஏ9 என்று இன்று சொல்லப்படும் அந்தச் சாலை கண்டியில் தொடங்கி, மாத்தளை, தம்புள்ளை, கெக்கிராவை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீள்கிறது. கண்டி வீதி என்று பெயர் இருந்தாலும் நம்மூர் லொறிகளில் கண்டிக்குப் போனவை குறைவு. மதவாச்சியில் திரும்பி அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகவோ, தம்புள்ளை வரை போய்க் குருநாகல் வழியாகவோ கொழும்பு புறக்கோட்டையைச் சென்றடைவதே அவர்களுடைய ஓட்டம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை ஒரே இரவில் ஓடி முடிப்பார்கள்.

இந்தச் சாலையைப் பற்றி நாம் வாசிப்பதெல்லாம் பெரும்பாலும் போரின் வரலாறு. 1991இல் நடந்த ஆனையிறவுச் சமர், 1997 மே மாதம் தொடங்கி 1998 டிசம்பர் வரை நீண்ட, இச்சாலையைப் பிடிக்க இராணுவம் நடத்திய ஜெயசிக்குறு நடவடிக்கை, 2000 ஏப்ரலில் வீழ்ந்த ஆனையிறவுப் படைமுகாம் என்று, எந்தத் துண்டு எந்த நாளில் யார் கையில் இருந்தது என்பதைக் கொண்டே அது அளக்கப்படுகிறது. அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். எனினும், ஒரு பழைய சாரதியிடம் கேட்டால் அவர் வேறொரு கணக்கிலிருந்து தொடங்குகிறார். எங்கே லொறியை நிறுத்தலாம், எங்கே நிறுத்தவே கூடாது, எந்த நேரத்தில் எந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கண்டி வீதி. அந்தக் கணக்கு ஒவ்வொரு பத்தாண்டிலும் எப்படி மாறியது என்பதைத் தொடர்ந்து கேட்டால், நம் சமூகத்தின் பிழைப்பும் இடப்பெயர்வும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன.

பிற்பகலில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ மூட்டை ஏற்றத் தொடங்குவார்கள். சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பீற்றூட், புகையிலைச் சிப்பம் என்று பருவத்துக்கேற்பச் சரக்கு மாறும். மயிலிட்டியிலிருந்து ஐஸ் போட்ட மீனுடன் புறப்படும் லொறிகள் தனி. இவற்றில் வெங்காயம் சாரதிக்குப் பெரிய தலையிடி. சரக்கை மூடும் படங்கை (தார்ப்பாயை) இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கி அவிந்துபோகும். தளர்த்திக் கட்டினால் வன்னிக் காட்டில் கொட்டும் மழை உள்ளே இறங்கி அழுகவைக்கும். ஆகவே வானத்தைப் பார்த்துப் படங்கு கட்டத் தெரிந்த கிளீனருக்குத் தனி மதிப்பு இருந்தது. சாரதி கண் அயராதபடி வழிநெடுகப் பேச்சுக் கொடுப்பதும் அந்தக் கிளீனரின் வேலையே. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவன் என்பதற்காகவே ஒருவனை வேலைக்கு வைத்திருந்ததாக நம்மூர் மூத்த சாரதி ஒருவர் என்னிடம் சொன்னார்.

விடியுமுன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குள் லொறி நுழைந்துவிட வேண்டும். பிந்தினால் அன்றைய விலை போய்விடும். விலை போனால் தோட்டக்காரன் சாரதியின் முகத்தைத்தான் பார்ப்பான். நாட்டாமிகள் மூட்டையை இறக்க, கொமிசன் கடைக்காரர் சிட்டை எழுதிக் கொடுப்பார். அந்தச் சிட்டையையும் காசையும் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு தோட்டக்காரனின் வீட்டிலும் கணக்கு ஒப்படைப்பது சாரதியின் பொறுப்பு. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் இத்தனை பணம் இத்தனை பேருடைய கைமாறியதை எண்ணும்போது, அந்த மனிதர்கள் மீது ஊர் வைத்திருந்த நம்பிக்கையின் அளவு விளங்குகிறது. திரும்பி வரும்போது மா, சீனி, பருப்பு, புடவை, இரும்புச் சாமான் என்று ஏற்றி வருவார்கள். சிலாபம் பக்கமாக வந்தால் தேங்காயும் சேரும்.

போரின் முன்னர் அந்தச் சாலை அகலமானதாக இருக்கவில்லை. இரண்டு லொறிகள் எதிரெதிரே வந்தால் ஏதாவது ஒன்று இடப்பக்கச் சக்கரத்தைக் கிறவல் (சரளை மண்) ஓரத்தில் இறக்கி வழிவிட வேண்டும். யார் இறக்குவது என்பதற்கு எழுதாத ஒழுங்கு இருந்ததாம்: பாரம் குறைந்த வண்டி இறங்கும், பாரம் கூடியது தார் மேலேயே போகும். முன்விளக்கை அணைத்து எரிய விடுவதிலேயே இதைப் பேசி முடிப்பார்கள். எதிரே வருபவர் சிங்களவரா, முஸ்லிமா, தமிழரா என்பது அந்த வெளிச்சத்தில் தெரிவதில்லை. நம்மவர்களில் பலர் சிங்களம் கற்றதும் இந்த ஓட்டத்தில்தான். மதவாச்சித் தேநீர்க் கடையிலும் புத்தளத்து ரயர்க் கடையிலும் கேட்டுக் கேட்டுப் பேசப் பழகினார்கள்.

வவுனியாவைத் தாண்டினால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று காடு நீளும். யானை குறுக்கிட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று ஒருவரும், விளக்கை அணைக்கவே கூடாது என்று இன்னொருவரும் என்னிடம் வாதிட்டார்கள், இரண்டையும் எழுதிவைக்கலாம். முறிகண்டியில் நிறுத்தாத லொறி இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மேற்கொண்டு நகர்வார்கள். தெற்கிலிருந்து வரும் சிங்களச் சாரதிகளும் அங்கே இறங்கிக் கும்பிட்டுப் போவார்கள். றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவது, சக்கர நட்டுகளைத் தட்டிப் பார்ப்பது, படங்குக் கயிற்றை மீண்டும் இழுத்துக் கட்டுவது ஆகியவற்றையும் அந்த நிறுத்தத்திலேயே செய்து முடிப்பார்கள். பக்தியும் வண்டிப் பராமரிப்பும் ஒரே இடத்தில் நடந்த அந்த வழக்கத்தை அவர்களுடைய வாயால் கேட்டுப் பதிவது நல்லது.

1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக் காலம் நம்மூர்த் தோட்டக்காரருக்குப் பொற்காலம் என்று பலரும் சொல்வார்கள். வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் யாழ்ப்பாணச் சரக்குக்கு நல்ல விலை கிடைத்தது. பழைய லொறிகள் ஓய்வில்லாமல் ஓடின. ஆனால் அதே காலத்தில் அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. வழியில் தடை போட்டுப் பொலிஸார் லொறிகளைச் சோதித்தார்கள். தோட்டக்காரர் வீடு கட்டிய கதையைக் கேட்கும்போது, வன்னியிலிருந்து தன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவரச் சாரதி பட்ட பாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாகி விலை சரிந்தது. அதே தாராளத்தில்தான் ஜப்பானிய லொறிகளும் வந்தன. அந்த ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. தட்டுமுட்டுச் சாமான்களுடன் அவர்களை ஏற்றிவந்த நம்மூர்ச் சாரதிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் இதுவரை ஒரு வரிகூட எழுதாதது சரியில்லை.

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 யூலையைப் பற்றிக் கேட்கும்போது பொறுமை வேண்டும். தெற்கில் லொறியுடன் அகப்பட்டவர்களில் சிலர் அதைப் பற்றி இன்றும் பேசுவதில்லை. பேசிய ஒருவர், குருநாகல் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக்காரர் தம்மைப் பல நாட்கள் ஆலைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியதைச் சொன்னார். லொறி எரிந்துவிட்டது, உயிர் தப்பியது. அதன் பின் அவர் மதவாச்சிக்குத் தெற்கே ஓட்டியதில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது சாலையும் புகையிரதமும் ஒன்றாக நின்றுபோயின. டீசல், பெற்றோல், சீமெந்து, உரம், பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டது. ஒரு சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களை அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லோரும் அறிவோம். லொறிக்காரர்களின் பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. பலர் லொறியை வளவுக்குள் கல்லின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, ஆனையிறவைத் தவிர்த்துப் போகும் கொம்படி, ஊரியான் பக்கத்துச் சேற்று வழியில் உழவு இயந்திரம் ஓட்டினார்கள். பின்னர் கிளாலிக் கடலேரிப் படகுகளின் அக்கரையில், தாண்டிக்குளம் வரை ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கினார்கள். 1993 சனவரியில் கிளாலியில் கடற்படையின் தாக்குதலில் மக்கள் கொல்லப்பட்ட பின்னரும் அந்தப் பயணம் நிற்கவில்லை. நிற்க வழி இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளை நாம் ஒவ்வொருவரும் நம் குடும்பத்தின் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் மழைக்குள் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, எரிபொருள் இருந்த சில லொறிகளின் சாரதிகளுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும்? சில மைல் தூரத்தைக் கடக்க விடியும் வரை ஆனது. நின்று நின்று நகர்ந்ததில் இயந்திரம் கொதித்தது. அணைத்தால் மீண்டும் கிளம்புமா என்ற அச்சம். யாரை ஏற்றுவது, யாரை விட்டுப் போவது என்ற முடிவை ஒவ்வொரு அடியிலும் எடுக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள். ஒருவர், தம் சொந்த வீட்டுச் சாமான்களை வீதியோரம் இறக்கிப் போட்டுவிட்டு, நடக்க முடியாத முதியவர்களால் லொறியை நிரப்பியதாகக் கூறினார். அவருடைய பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் கேட்கும்போது பக்கத்தில் இருந்துதான் அவர்களும் முதன்முறையாகக் கேட்டார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரல் 8ஆம் நாள் யாழ்ப்பாணம் வரை சாலை திறக்கப்பட்டபோது மீண்டும் ஓட்டச் சென்றவர்களுக்குத் தம் பழைய சாலை அடையாளம் தெரியவில்லை. மாங்குளத்திலும் ஆனையிறவிலும் கட்டடங்கள் இல்லை; பனைகள் தலையற்று நின்றன. ஓமந்தையிலும் முகமாலையிலும் சரக்கை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்ற வேண்டும். படையினரின் சோதனை ஒரு பக்கம், புலிகளின் சோதனையும் வரியும் மறுபக்கம். அதைவிட அவர்களை வாட்டியது சாலையின் ஓரம். முன்பு மரியாதையாகச் சக்கரத்தை இறக்கிய அதே கிறவல் ஓரத்தில், இப்போது மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. முகமாலைப் பகுதி நாட்டிலேயே மிக அடர்த்தியாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. சிறுநீர் கழிக்கக்கூடத் தாரை விட்டு இறங்க முடியாமல், லொறியின் பின்சக்கரத்தோடு ஒட்டி நின்றவர்கள் நம்மவர்கள். 2006 ஓகஸ்ட் 11ஆம் நாள் முகமாலையில் சண்டை தொடங்க, சாலை மறுபடி மூடப்பட்டது. பொதுமக்களுக்கு அது தங்குதடையின்றித் திறந்தது போர் முடிந்த பிறகே.

சீனக் கடனில் அகலமாக்கப்பட்டு மினுங்கும் இன்றைய ஏ9இல் நம்மூர்ச் சரக்கு பெரும்பாலும் தம்புள்ளையோடு நின்றுவிடுகிறது. 1999இல் அங்கு தொடங்கிய மொத்த விற்பனைச் சந்தை, புறக்கோட்டைக்குப் போகும் தேவையைக் குறைத்துவிட்டது. ஆகவே முழு ஓட்டத்தையும் அறிந்தவர்கள் நம் மூத்தவர்கள் மட்டுமே.

கேட்கப் போகும் உறவுகளுக்குச் சில வேண்டுகோள்கள். "பழைய காலம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். ஊரிலிருந்து புறப்பட்டு முதலில் எங்கே நிறுத்தினீர்கள், அங்கே என்ன சாப்பிட்டீர்கள், அந்தக் கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியுமா என்று இடம் இடமாகக் கொண்டுபோங்கள். கட்டை (மைல் கல்) எண்ணால் இடத்தைச் சொன்னால் அப்படியே எழுதுங்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை இன்றும் ஊர்ப் பெயராக நிற்கிறது. வீட்டிலுள்ள அம்மாமாரையும் கட்டாயம் கேளுங்கள்: லொறி வரவேண்டிய நேரத்துக்கு வராத இரவுகளைப் பற்றி அவர்களுக்கே தெரியும். போர்க்கால வரி, சோதனை, ஒளித்துக் காத்தவர்கள் ஆகியவை பற்றிய பகுதிகளில் சொன்னவரின் சம்மதமில்லாமல் பெயர் போட வேண்டாம். ஊரில் இன்னும் உறவுகள் இருக்கிறார்கள். பழைய சிட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், லொறியின் முன்னால் நின்று எடுத்த படம் எதுவானாலும் படியெடுத்து மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதிவுகளை மாசி மாத முடிவுக்குள் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் மலருக்கு நேரம் போதும். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்க இரண்டு மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். நம்மூர்ப் பேச்சு வழக்கைத் திருத்தாமல் எழுதக்கூடிய, ஐரோப்பாவில் இருக்கும் இளையவர்கள் முன்வந்தால் இங்கே கனடாவில் நாங்கள் எடுக்கும் பதிவுகளை உடனடியாக அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
கனடாக் கிளை உறுப்பினர் ஒருவர்