வளைவில் ஆயில் பிரஷர் விழுகிறது: சூப்பர்கார் என்ஜின்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

கேள்வி:
சாதாரண காரில் வந்த 2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினை டிராக்கில் ஓட்டுவதற்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நேர்ப்பாதையில் குறையே இல்லை. நீளமான வளைவில் வேகமாகத் திரும்பும்போது மட்டும் ஆயில் பிரஷர் முள் சட்டென்று இறங்குகிறது, வண்டி நேரானதும் ஏறிவிடுகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது, பம்ப் புதிது. அடுத்து டர்போ போட ஆசை. சூப்பர்கார் செய்யும் பகானி, கோனிக்செக் எல்லாம் சாதாரண கார் என்ஜினில் இருந்துதானே தொடங்கினார்கள்? அவர்கள் எதையெல்லாம் மாற்றினார்கள்?

பதில் 1:
டர்போவை இப்போது தொடாதீர்கள். வளைவில் ஆயில் சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது, பம்புக்கு ஆயில் எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுகிறது. அந்த நேரத்தில் கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்குக்கும் நடுவில் ஆயில் படலம் இருக்காது. இப்படியே ஓட்டினால் பிக் எண்ட் பேரிங் (ராட் கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) பிடித்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பிளாக்கையே உடைத்துவிடலாம். சம்ப்பைக் கழற்றி, பிக்கப்பைச் சுற்றி, ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் பாஃபிள் தகடு வையுங்கள். அப்படியே பேரிங் ஷெல்களையும் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

பதில் 2:
சூப்பர்கார்களில் இதற்கு டிரை சம்ப். ஆயில் தனி டேங்கில் இருக்கும். கீழே வடிவதை ஒரு பம்ப் உறிஞ்சி டேங்குக்கு அனுப்பும், இன்னொன்று டேங்கிலிருந்து என்ஜினுக்குத் தள்ளும். என்ஜினைத் தாழ்வாக வைக்கவும் இடம் கிடைக்கும். 2006 கார்வெட் இஸட்06 காரின் எல்எஸ்7 என்ஜின் நல்ல உதாரணம். எல்எஸ் குடும்பத்து வி8 பிக்கப் வண்டிகளிலும் வந்ததுதான். இதில் 7 லிட்டர், டைட்டானியம் கனெக்டிங் ராட், டைட்டானியம் இன்டேக் வால்வு, டிரை சம்ப், 505 குதிரைசக்தி.

பகானி ஸோண்டா வேறு வழியில் போனது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் இருந்த எம்120 வி12-ஐ எடுத்து, 6 லிட்டரிலிருந்து 7.3 வரை பெரிதாக்கினார்கள். கோனிக்செக் சிசி8எஸ்-இல் ஃபோர்டு மாடுலர் வி8-ஐ அடிப்படையாகக் கொண்ட 4.7 லிட்டர் என்ஜின், அதன் மேல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர், 655 குதிரைசக்தி. அதை வளர்த்துக்கொண்டே போய், சொந்த என்ஜினுக்கு வந்துவிட்டார்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. டர்போ வேண்டாம் என்றால் ரெவ் லிமிட்டை (நிமிடத்துக்கு அதிகபட்சச் சுற்று) 6500-லிருந்து 8500 ஆக்கலாமா? ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ.

பதில் 2:
அதில்தான் ஆபத்து அதிகம். பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19.5 மீட்டரிலிருந்து 25.5 மீட்டருக்குப் போகும். ராட், ராட் போல்ட் மீது விழும் இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுவதால் சுமார் 70% கூடுகிறது. வால்வு ஸ்பிரிங்கும் தாங்காது. வால்வு, தன்னைத் திறந்து மூடும் கேமைப் பின்தொடர முடியாமல் மிதந்து, பிஸ்டனில் இடித்துவிடலாம். ஃபோர்ஜ்டு ராட், நல்ல போல்ட், கடினமான ஸ்பிரிங் எல்லாம் போட்ட பிறகுதான் ரெவ் லிமிட். அப்போதும் கேமும் ஹெட்டும் அதிகச் சுற்றில் போதிய காற்றை உள்ளே விடவில்லை என்றால், சுற்று ஏறும், சக்தி ஏறாது.

கேட்டவர்:
சம்ப்பைக் கழற்றினேன். இரண்டாவது சிலிண்டரின் ஷெல்லில் லேசாகக் கோடு. எல்லாவற்றையும் மாற்றி, பாஃபிள் வைத்துவிட்டேன். அதே வளைவில் முள் அசையவில்லை.

பதில் 1:
அருமை! கொஞ்சம் ஓட்டிவிட்டு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் கிராங்கையும் அளக்கவேண்டும்.