மில்க்மேனுக்கு ஊர் கிடைத்தது, ஹேகருக்கு?

மழைக்குருவி:
அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' (1977) நாவலை நேற்று முடித்தேன். மிச்சிகனில் வசதியான கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை மில்க்மேன். தங்கம் தேடிக் கிளம்பியவன் வர்ஜீனியாவின் ஷாலிமார் கிராமத்தில் தன் வேரைக் கண்டுபிடிக்கிறான். சரி, கண்டுபிடிக்கட்டும். ஆனால் பல வருஷம் காதலியாக இருந்த ஹேகருக்கு நன்றிக் கடிதமும் கொஞ்சம் பணமும் அனுப்பிக் கணக்கு முடித்தவன் இவன். அவன் ஊரில் இல்லாதபோது அவள் காய்ச்சலில் செத்துப்போகிறாள். இவன் தேடலை என்னால் கொண்டாட முடியவில்லை.

கரிசல்வாசி:
அவன் எதை இழந்தவன் என்றும் பாருங்கள். குடும்பப் பெயரே 'டெட்'. 1869-இல், அடிமைத்தளை நீங்கிய தாத்தாவைப் பதிவு செய்த குடிகார அதிகாரி, 'அப்பா செத்துட்டார்' என்ற பதிலைப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டான். பேரன் வரைக்கும் அதே பெயர். ஷாலிமாரில் பிள்ளைகள் வட்டமாகச் சுற்றிப் பாடும் பாட்டு, தன் கொள்ளுத்தாத்தா சாலமனின் கதை என்று மில்க்மேனுக்குப் பிடிபடுகிறது. எழுதிக்கொள்ளப் பென்சில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பாடப் பாட, மனப்பாடம் செய்கிறான். அந்தப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மழைக்குருவி:
எனக்கும்தான். ஆனால் அந்தப் பாட்டில் யார் அழுகிறார்கள்? சாலமன் ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிட்டான். 21 பிள்ளைகளோடு நின்ற அவன் மனைவி ரைனாவுக்குப் புத்தி பேதலித்தது. கொள்ளுப்பேரன் செய்ததும் அதேதான்.

திண்ணை:
நடுவில் வருகிறேன். அவன் அப்படியே இருந்துவிடவில்லையே. முதல் நாள் ஊர்க்காரர்களின் பெயரைக்கூடக் கேட்காதவன், அப்புறம் ஸ்வீட் என்ற பெண் தன்னைக் குளிப்பாட்டியதும் அவளையும் குளிப்பாட்டுகிறான், பாத்திரம் கழுவுகிறான், தொட்டியைத் தேய்க்கிறான். அதுவரை வீட்டில் அம்மாவும் அக்காக்களும் செய்ததை வாங்கி மட்டுமே பழகியவன். எனக்கு அங்கேதான் அவன் ஆளாகிறான், தாத்தா பெயர் தெரிந்த இடத்தில் இல்லை.

கரிசல்வாசி:
ஊர் திரும்பும்போது, கொண்டுபோன பொருள் எதுவும் அவனிடம் இல்லை. ஹேகரின் பாட்டி பைலட் கொடுத்த, ஹேகரின் தலைமுடி இருந்த பெட்டியோடுதான் அப்பா வீட்டுக்குப் போகிறான். பொறுப்பை ஏற்றுக்கொண்டான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மழைக்குருவி:
அந்த முடியா? 'என் முடி அவனுக்கு ஏன் பிடிக்கவில்லை' என்றுதானே ஹேகர் காய்ச்சலில் பைலட்டிடம் கேட்டுக்கொண்டே கிடந்தாள். அப்போது அவன் அங்கே இல்லை.