எட்டாம் எட்வர்டின் கற்பனை நாணயங்கள்: என் அனுபவம்

பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் 1936 ஜனவரி 20 அன்று அரியணை ஏறி, அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று முடிதுறந்தவர். அவருடைய முகம் பொறித்த நாணயம் எதுவும் பிரிட்டனில் புழக்கத்துக்கு விடப்படவில்லை. 1937ஆம் ஆண்டுக்கென அடித்துப் பார்த்த மாதிரிகள் மாதிரிகளாகவே நின்றுபோயின. ஆகவே, கோவையின் நாணயக் கண்காட்சிகளில் நான் தேடி வாங்கும் அவருடைய பெரிய கிரவுன் (ஐந்து ஷில்லிங்) காசுகள், பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காகத் தனியார் அடித்து வெளியிட்ட கற்பனை நாணயங்களே.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார், காலமான தம் தந்தையின் பெட்டியில் கிடைத்ததாக அப்படியொரு காசைக் கொண்டுவந்து காட்டினார். அது பல லட்சம் பெறும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அரசு அப்படியொரு நாணயத்தை வெளியிடவே இல்லை என்று விளக்கியதும், "அப்போ இது கள்ளக்காசுங்களா?" என்று கேட்டார். கள்ளக்காசு என்றால் நகலெடுக்க ஓர் அசல் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இதற்கு அப்படி ஒன்று இல்லையே அம்மா என்றேன். உலோக மதிப்புக்குச் சற்று மேலாக எவரேனும் தந்தால் நியாயமான விலை என்றும் சொன்னேன். விற்க மனமில்லாமல் அவரே எடுத்துச் சென்றார். அதுவே சரியென எனக்குப் பட்டது.

இந்தக் கற்பனைக் காசுகளில் நான் முதலில் பார்ப்பது முகம் திரும்பியிருக்கும் திசையை. ஒரு மன்னர் இடப்புறம் பார்த்தால் அடுத்தவர் வலப்புறம் பார்க்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் நாணய மரபு. எட்வர்டுக்கு முன்பிருந்த ஐந்தாம் ஜார்ஜ் இடப்புறம் பார்த்தவர். எட்வர்டோ தம் முகத்தின் இடப்பக்கமே அழகு என்று கருதி, தாமும் இடப்புறமே பார்ப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜ், தமையனார் வலப்புறம் பார்த்ததாகவே பாவித்து, மீண்டும் இடப்புறம் பார்த்தார். வலப்புறம் பார்க்கும் கற்பனைக் காசு மரபைக் காப்பாற்றுகிறது. இடப்புறம் பார்ப்பதோ அந்த மனிதரைக் காட்டுகிறது. எனக்கு இரண்டாவதே பிடிக்கும்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிஜி, நியூ கினி, பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் 1936ஆம் ஆண்டிட்ட, நடுவில் துளையுள்ள காசுகள் எட்வர்டின் பெயரில் உண்மையாகவே வெளிவந்தன. துளை இருப்பதால் அவற்றில் முகம் கிடையாது. கற்பனைக் காசுக்குப் பக்கத்தில் அவற்றில் ஒன்றையாவது வையுங்கள். கற்பனைக் காசின் உறையில், 'பிற்காலத் தனியார் வெளியீடு, புழக்க நாணயம் அன்று' என்று உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் யாரிடமும் ஏமாறாமல் இருப்பார்கள்.