தைப் பனிக்கு அம்மாவின் குதிக்கால் வெடிக்கிறது, என்ன பூசலாம்?

வட்டக்கச்சி மகள்
மார்கழி மழை விட்டு, தையில் விடியப்பனி கொட்டத் தொடங்கினால் அம்மாவின் கால் காய்ந்து போகும். முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாக உரியும், நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். இந்த முறை இடது குதிக்கால் ஒரு சதக்குற்றியின் விளிம்பு போகிற அளவுக்கு வெடித்து, நேற்று இரத்தமும் வந்தது. நோகவில்லை என்கிறார். வயலில் நெல் அருவிவெட்டு நேரம், வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கமாட்டார். வயது 61, ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம்.

காலையில் நல்ல சூட்டில் தண்ணீர் வைத்து, வேப்பிலை போட்டு, ஒரு மூடி டெற்றோலும் விட்டுக் குளிக்கிறார். அப்புறம் முற்றத்து வெயிலில் கால் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய். இரண்டு மணித்தியாலத்தில் பழையபடி. மருந்துக்கடையில் ஒரு சின்னக் களிம்பு தந்தார்கள். பூசினால் சொறிய வைக்கிற கடி நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. தொடர்ந்து பூசலாமா?

மல்லாவித் தாதி
தங்கச்சி, நோகவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சீனி கூடினால் காலில் உணர்வு குறையும். இரத்தம் வந்த வெடிப்பை இந்தக் கிழமையே கிளினிக்கில் காட்டுங்கள். பிளேட்டால் செதுக்க விடாதீர்கள். வெறுங்காலோடு வளவுக்குள்ளும் நடக்க வேண்டாம்.

களிம்பின் பெட்டியில் பீற்றாமெதசோன் அல்லது குளோபிற்றசோல் என்று இருக்கிறதா பாருங்கள். அவை ஸ்டீரோயிட். கடியை அடக்கும், ஆனால் ஈரப்பதம் தராது. வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

இனிக் குளிப்பு. கொதிசுடுநீரும் டெற்றோலும் தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் கழுவி விடுகின்றன. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்புச் சத்துக் கூடிய தண்ணீர்தானே? சவுக்காரம் அதில் நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் தோலில் படியும், அதுவும் கடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம் போதும். அக்குள், இடுக்குக்கு மட்டும் சவுக்காரம். ஆஸ்பத்திரியில் தரும் அக்குவஸ் கிரீமைச் சவுக்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம். பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும்.

எண்ணெயில் பிழையில்லை, பூசுகிற நேரம்தான் பிழை. காய்ந்த தோலுக்குத் தேவை தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீரைப் பறக்கவிடாமல் மூடும். வெயிலில் காயவிட்டால் மூடுவதற்கு உள்ளே என்ன இருக்கும்? துவாயால் ஒற்றிவிட்டு, மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே வசிலின் பூசுங்கள். படுக்கமுன் இன்னொரு தரம், மேலே பருத்திக் காலுறை. விரல் இடுக்கில் பூச வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். குதிக்காலின் தடித்த தோலுக்கு 10 வீத யூரியா கிரீம் நல்லது, ஆனால் வெடிப்பு ஆறிய பிறகு. திறந்த புண்ணில் எரியும்.

முள்ளியவளை ஆச்சியின் பேத்தி
வசிலின் ஊறின துணி சட்டென்று தீப்பற்றும் அக்கா. அந்தக் காலுறையோடு விறகடுப்படியில் இருக்க விடாதீர்கள். வயலால் வந்ததும் நெல்லுச் சுணையைத் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். உலர்ந்த தோலில் சுணை ஒட்டினால் இரவிரவாகச் சொறிய வைக்கும்.

புதுக்குடியிருப்பான், ரொறன்ரோ
இங்கே ஹீற்றர் போட்டவுடன் அறைக் காற்று காய்ந்து, என் விரல் மூட்டெல்லாம் வெடிக்கும். ஊரில் பனி என்றாலும் காற்றில் ஈரம் இருக்கிறது, ஆகவே தோல் இங்கே போல அவ்வளவு காயாது. போத்தலில் வரும் தண்ணியான லோஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள். கெட்டியாக இருப்பதுதான் நிற்கும். ஐந்து குளிர்காலம் தேடி நான் கண்டது அதுதான்.

வட்டக்கச்சி மகள்
பெட்டியில் பீற்றாமெதசோன் என்றுதான் இருக்கிறது. நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை கிளினிக், களிம்பையும் கொண்டுபோகிறேன். இன்று வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்க வார்த்து, வெடிப்பைத் தொடாமல் வசிலின் பூசி, அப்பாவின் காலுறையைப் போட்டுவிட்டேன். டெற்றோல் இல்லாமல் குளித்தது போலவே இல்லை என்கிறார். வயலில் வெட்டு மெசின் போகாத மூலைகளைக் கையால் வெட்ட வேண்டும், அதற்கு நாளைக்கு நான் போகிறேன்.