டோக்கன் பரிமாற்ற ஆவணம்: பழைய வரைவுகளைச் சுட்டும் இணைப்புகளை எப்படித் திருத்துவது?

கேள்வி

வணக்கம். எங்கள் ஏபிஐ ஆவணத்தில், டோக்கன் பரிமாற்றத்தை (ஓர் அணுகல் சான்றான டோக்கனைக் கொடுத்து வேறொன்றைப் பெறும் முறையை) விளக்கும் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதிலுள்ள இணைப்புகளில் பெரும்பாலானவை இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு வெளியிட்ட வரைவுகளையே சுட்டுகின்றன, சில, டூல்ஸ்.ஐஇடிஎஃப்.ஆர்க் என்ற பழைய முகவரியில் இருக்கின்றன. ஆனால் இணைப்புச் சோதிப்பானை ஓட்டிப் பார்த்தால் ஒன்றுகூட முறிந்ததாகக் காட்டவில்லை. முகவரிகளை மொத்தமாகத் தேடி மாற்றிவிட்டால் போதுமா?

மறுமொழி 1

போதாது. பக்கம் வந்து சேர்கிறதா என்பதை மட்டுமே சோதிப்பான் பார்க்கும். வந்த பக்கம் காலாவதியானதா என்பது அதற்குத் தெரியாது. பழைய முகவரி ஐஇடிஎஃப்பின் ஆவணத் தளமான டேட்டாடிராக்கருக்குத் திருப்பி விடப்படுவதாலும், பதிப்பு எண்ணோடு கூடிய வரைவுகள் அங்கே அப்படியே காப்பகத்தில் கிடப்பதாலும், எல்லாமே 200 (பக்கம் கிடைத்தது) என்றுதான் பதில் தரும். டோக்கன் பரிமாற்ற வரைவு 2020 ஜனவரியில் ஆர்எஃப்சி 8693 என்ற இறுதித் தரநிலையாக வெளிவந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் திறந்து, அதைச் சுமக்கும் வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கோரிக்கைக்குப் பிரிவு 2.1, மறுமொழிக்கு 2.2, யார் சார்பில் யார் செயல்படுகிறார் என்று டோக்கனுக்குள் சொல்லும் 'ஆக்ட்' என்ற உரிமைகோரலுக்கு 4.1 என்று பிரிவு வரை சுட்டுவது நல்லது.

வாக்கியத்தையும் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனுமதி வரம்பையும் டோக்கனைக் கேட்ட செயலியையும் குறிக்க முந்தைய வரைவுகளில் 'எஸ்சிபி', 'சிஐடி' என்றிருந்த பெயர்கள் இறுதி வடிவத்தில் 'ஸ்கோப்', 'கிளையன்ட்_ஐடி' என்று மாறிவிட்டன. மாறியது பெயர் மட்டுமல்ல: 'எஸ்சிபி'யில் வரிசையாக இருந்த மதிப்பு, 'ஸ்கோப்'பில் இடைவெளியால் பிரிக்கப்பட்ட ஒரே சரமாகிவிட்டது. எடுத்துக்காட்டை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் திருத்தினால், பக்கமும் அது சுட்டும் தரநிலையும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும். அதைவிடப் பழைய இணைப்பே மேல்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 'எஸ்சிபி' கண்ட இடமெல்லாம் மாற்றிவிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட், ஆக்டா ஆகிய வழங்குநர்களின் அணுகல் டோக்கன்களில் அந்தப் பெயர் இன்றும் வருகிறது. உங்கள் சர்வர் உண்மையில் எதை அனுப்புகிறது என்று ஒரு டோக்கனைப் பிரித்துப் பாருங்கள். 'எஸ்சிபி'தான் வருகிறது என்றால் அதை அப்படியே விட்டு, அந்தப் பெயர் தரநிலையில் உள்ளதன்று, வழங்குநருடையது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய வெளியீட்டுக் குறிப்புகளிலுள்ள வரைவு இணைப்புகளையும் தொட வேண்டாம்; அன்று எந்த வரைவைப் பின்பற்றினோம் என்பதற்கு அவையே சான்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டோக்கனைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் சர்வர் 'ஸ்கோப்' என்றே அனுப்புகிறது, ஆவணம்தான் பின்தங்கியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது: மறுமொழியில் கட்டாயம் இருக்க வேண்டிய, வழங்கிய டோக்கனின் வகையைச் சொல்லும் 'இஷ்யூட்_டோக்கன்_டைப்' எங்கள் எடுத்துக்காட்டில் இல்லவே இல்லை. இணைப்புகளை ஒரு கமிட்டாகவும் (மாற்றத் தொகுப்பாகவும்) எடுத்துக்காட்டுகளை வேறொரு கமிட்டாகவும் பிரித்து அனுப்புகிறேன்.